ஐமேக்கின் ஹார்ட் டிஸ்க்: திருகிலிருந்து பசைக்கு வந்த கதை

டவர் வைத்த கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, இரண்டு கேபிளைப் பிடுங்கி, நான்கு திருகை அவிழ்த்தால் முடிந்தது வேலை. ஆனால் திரையும் மதர்போர்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் 'ஆல்-இன்-ஒன்' கம்ப்யூட்டரில் இதே வேலை ஏன் இவ்வளவு கஷ்டம்? வடிவமைப்பின் கட்டாயமா, கம்பெனியின் விருப்பமா? ஆப்பிள் கம்பெனியின் வரலாற்றைப் புரட்டினால் இதற்குப் பதில் கிடைக்கிறது.

1984 ஜனவரியில் வந்த முதல் மேகின்டாஷில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. 400 கிலோபைட் ஃப்ளாப்பி மட்டும்தான். பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் எண்ணம். கைப்பிடிக்குள் ஆழமாகப் பதிந்திருந்த டார்க்ஸ் திருகுகளை அவிழ்க்க நீளமான தனி ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஆனாலும் மறு வருடமே, 1985-இல், ஜெனரல் கம்ப்யூட்டர் என்ற வேறொரு கம்பெனி 'ஹைப்பர்டிரைவ்' என்ற 10 மெகாபைட் டிஸ்க்கை அந்தப் பெட்டிக்குள்ளேயே பொருத்திக் காட்டியது! ஆப்பிள் தன் மேகின்டாஷுக்குள் ஹார்ட் டிஸ்க் வைத்து விற்றது 1987-இல், எஸ்.இ. மாடலில்தான்.

அடுத்தது 1998-இல் வந்த ஐமேக் ஜி3. நீலப் பச்சையில், உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் உடல். அதில் இருந்தது 4 ஜிபி ஐ.டி.இ. டிஸ்க், அதாவது மற்ற பிசிக்களில் இருக்கும் அதே வகை. கடையில் வாங்கி மாற்றலாம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே பிக்சர் டியூப் இருப்பதால் உயர் மின்னழுத்த அபாயம் உண்டு. இன்னொன்று, ஆரம்ப கால ஜி3-இல் மேக் ஓ.எஸ். டென் போடுவதென்றால், பெரிய டிஸ்க்கின் முதல் 8 ஜிபிக்குள் அது அடங்க வேண்டும். 2002-இல் வந்த ஜி4-இல் எல்லாமே அரைக்கோள வடிவ அடிப்பாகத்துக்குள் போய்விட்டது. அதைத் திறந்து மூடினால் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவியாக வேண்டும்.

இந்தக் கதையின் பொற்காலம் 2004. அந்த வருடம் வந்த ஐமேக் ஜி5-ஐக் குப்புறப் படுக்க வைத்து, அடியில் உள்ள மூன்று திருகைத் தளர்த்தினால் முதுகு முழுவதும் கையோடு வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆப்பிளே வழிமுறை கொடுத்தது! கவனியுங்கள்: ஆல்-இன்-ஒன் என்றாலே திறக்க முடியாது என்பது உண்மையல்ல என்று இந்த ஒரு மாடலே நிரூபித்துவிட்டது.

பொற்காலம் ஒரு வருடம்தான் நீடித்தது. 2005 அக்டோபரில் கேமரா வைத்த ஜி5 வந்தபோது, ரேம் தவிர மற்றதைத் தொட வேண்டாம் என்று கதவை மூடிவிட்டார்கள். 2007-இல் அலுமினிய உடல். முன்னால் உள்ள கண்ணாடியைக் காந்தம் பிடித்திருக்கும். ரப்பர் சக்ஷன் கப் வைத்து அதைத் தூக்கி, திருகுகளைக் கழற்றி, திரையையும் எடுத்தால்தான் டிஸ்க் கண்ணில் படும். கஷ்டம்தான், ஆனால் முடியும்.

2011-இல் பிரச்சினை திருகைத் தாண்டிப் போனது. டிஸ்க்கின் வெப்ப அளவைச் சொல்ல தனி வகைக் கேபிளும், ஆப்பிளுக்கென்றே எழுதிய ஃபர்ம்வேரும் வந்தன. கடையில் வாங்கிய சாதாரண டிஸ்க்கைப் பொருத்தினால், வெப்பம் தெரியாமல் ஃபேன் முழு வேகத்தில் அலறும். வேறு கம்பெனிகள் சென்சார் கேபிள் விற்று இதைச் சமாளித்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2009 அக்டோபர் முதல் 2011 ஜூலை வரை விற்ற ஐமேக்குகளில் இருந்த சில 1 டெராபைட் டிஸ்க்குகள் பழுதாகக்கூடும் என்று ஆப்பிளே பிறகு அறிவித்து, இலவசமாக மாற்றித் தந்தது. எந்தப் பாகம் மாற்றக் கடினமோ அதே பாகம்தான் பழுதானது!

2012-இல் ஓரம் 5 மில்லிமீட்டர் ஆனது. காந்தம் போய் பசை வந்தது. பசையை அறுத்துத் திரையைப் பிரிக்க வேண்டும், மூடும்போது புதுப் பசைப் பட்டை ஒட்ட வேண்டும். 2020-இல் 27 அங்குல மாடலில் எஸ்.எஸ்.டி.யை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள். 2021-இல் வந்த எம்1 ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டர். அதிலும் சால்டர்தான்.

ஆப்பிள் பக்கமும் நியாயம் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, வேகமும் பல மடங்கு. ஆனால் சால்டர் செய்த எஸ்.எஸ்.டி. கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும். தகவல்கள் அந்தப் போர்டில் உள்ள சிப்போடு பிணைத்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், போர்டு செத்தால் உங்கள் புகைப்படங்களை மீட்பதும் மிகக் கடினம். இத்தனைக்கும் 2022-இல் வந்த மேக் ஸ்டூடியோவில் கழற்றக்கூடிய எஸ்.எஸ்.டி. வைத்தது இதே ஆப்பிள்தான்.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில்: கட்டாயம் கொஞ்சம், விருப்பம் நிறைய. மூன்று திருகோடு ஒரு ஐமேக் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். அடுத்த முறை ஆல்-இன்-ஒன் வாங்கப் போனால், திரையின் அளவைக் கேட்பதற்கு முன் "டிஸ்க்கைக் கழற்ற முடியுமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால், அதே பில்லில் பேக்கப்புக்கு ஒரு வெளி டிஸ்க்கையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.