முதுகில் ஊசி, தலையில் நோவு

பருத்தித்துறைப் பகுதி மக்கள் சத்திரசிகிச்சைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நாடிச் செல்லும் ஆதார வைத்தியசாலை மந்திகையில் இருக்கிறது. வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுக்கும் வேளையில் தாயின் முள்ளந்தண்டினுள் விறைப்பு மருந்து செலுத்துவது இன்று எங்கும் வழக்கம். இடுப்புக்குக் கீழ் உணர்வு அடங்கும். தாயோ விழித்திருந்து பிள்ளையின் முதற் குரலைக் கேட்பாள். ஆனால், இரண்டொரு நாளிற் சிலருக்கு ஒரு தலைவலி தோன்றும். படுத்தால் தணியும், எழுந்தால் மண்டையைப் பிளக்கும். பாலூட்ட நிமிர்ந்து உட்காரவும் விடாத இந்நோவு, அச்சிகிச்சையோடு உடன்பிறந்தது.

யாழ்ப்பாணத்தார்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே தந்த சாமுவேல் கிறீன் இலங்கைக்கு வந்தது 1847இல். எடின்பரோவிற் சிம்சன் குளோரோபோமின் மயக்கத்தைக் கண்டதும் அவ்வாண்டே. கிறீன் மறைந்த 1884இல், வியன்னாவிற் கொல்லர் என்பார் கொக்கேயின் கண்ணை விறைக்கச் செய்வதைக் காட்டினார். ஆகவே, மானிப்பாயில் மாணவர்க்கென அவர் தமிழாக்கிய இரணவைத்திய நூலில் முள்ளந்தண்டு ஊசிக்கு இடமிருக்க நியாயமில்லை.

ஜேர்மனியின் கீல் நகரில் 1898 ஓகஸ்ட் 16இல் ஓகஸ்ட் பியர் என்னும் சத்திரவைத்தியர் ஒரு தொழிலாளியின் முள்ளந்தண்டினுட் கொக்கேயினைச் செலுத்திக் காலிற் சத்திரஞ் செய்தார். நோவு தெரியவில்லை, பின்னர் வாந்தியும் தலைவலியும் கண்டன. காரணத்தை அறிய விரும்பிய பியர், 24ஆந் தேதி தம்மையே சோதனைக்கு ஒப்புவித்தார். உதவியாளர் ஹில்டபிராண்ட் ஊசியேற்ற முயன்றபோது பீச்சாங்குழல் ஊசியோடு பொருந்தவில்லை. தண்டுநீர் ஏராளமாய் வெளியே சிந்திற்று. பின்பு ஹில்டபிராண்டுக்குப் பியர் ஏற்றினார். அவர் கால் விறைத்தது. இரும்புச் சுத்தியலால் முழந்தாளுக்குக் கீழே அடித்தும், சுருட்டு நெருப்பால் சுட்டும் பார்த்தனர், நோவில்லை. அன்றிரவு இருவரும் மதுவும் சுருட்டுமாய் மகிழ்ந்தனர். துணிவு பாராட்டத்தக்கதே, கொண்டாட்டம் பற்றி அவ்வாறு சொல்லமுடியாது.

மறுநாளிலிருந்து பியருக்குத் தலைவலி மூண்டது. ஒன்பது நாள் படுக்கை. படுத்தால் மறைந்து எழுந்தால் திரும்பிய அந்நோவுக்குத் தண்டுநீர் சிந்தியதே காரணம் என அவர் கருதினார். அக்கருத்துப் பெரும்பாலும் நிலைத்துவிட்டது. மூளையைத் தாங்கி நிற்கும் நீர் ஏறக்குறைய 150 மில்லிலீற்றரே. ஊசி துளைத்த சவ்வின் வழி அது கசிந்தால், எழுந்து நிற்கும்போது மூளை தாங்கலின்றிச் சற்றுத் தாழ்கிறது. வலியறியும் உறைகளும் குருதிக் குழாய்களும் இழுபடுகின்றன.

தலையணையின்றி ஒரு நாள் முழுதும் மல்லாந்து கிடக்கவேண்டும் என்னும் கட்டளை நெடுங்காலம் நிலவியது. அது இத்தலைவலியைத் தடுப்பதில்லை என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. தடுத்தது ஊசியின் மாற்றமே. சவ்வை வெட்டும் கூரிய முனைக்குப் பதிலாக, நார்களை விலக்கிச் செல்லும் பென்சில் முனையூசியை 1951இல் அமெரிக்காவில் ஹார்ட்டும் விற்றேக்கரும் வெளியிட்டனர். ஊசி மெலிய மெலியத் தலைவலியும் அருகிற்று.

எனினும், பிரசவத்தின் பின் வரும் தலைவலி எல்லாம் ஊசியின் வினையன்று. இரத்த அமுக்கம் ஏறுவதாலும், மூளையின் நாளங்களில் இரத்தம் உறைவதாலும் அது வரலாம். ஆகையால் வைத்தியரிடம் மறைப்பது ஆபத்து. ஊசியால் வந்ததென்று தெளிந்து, நாட்கள் கழிந்தும் தணியாவிடின், 1960இல் ஜேம்ஸ் கோர்ம்லி எழுதிய வழி உண்டு. நோயாளியின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தையே சவ்வின் வெளிப்புறத்திற் செலுத்துவர். அவர் செலுத்தியது இரண்டு மூன்று மில்லிலீற்றர். இப்போது இருபதளவில் செலுத்துகின்றனர். அது உறைந்து துளையை அடைக்கிறது. பலர் அன்றே எழுந்து உட்காருகின்றனர்.