அரிவாள் செல் சோகையும் முழு உடல் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும்

அரிவாள் செல் சோகை என்பது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் மரபணு சார்ந்த இரத்த நோயாகும். தமிழ்நாட்டில் இது முதன்மையாக நீலகிரி மாவட்டப் பழங்குடியினரிடம் காணப்படுகிறது. நோயாளிகளை அதிகம் வாட்டுவது எலும்பு வலி. அந்த வலிக்குக் காரணமான சேதத்தைத் தொடக்கத்திலேயே படம்பிடிக்கும் வழி, நோய் கண்டறியப்பட்டு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே கிடைத்தது.

நோய் அறியப்பட்ட வரலாறு

1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவைச் சேர்ந்த மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர், ஹீமோகுளோபின் மூலக்கூறில் உள்ள மாற்றமே இதற்குக் காரணம் என்று காட்டினர்.

இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பலரும் கருதியிருந்தனர். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தை ஆராய்ந்து, தென்னிந்தியாவிலும் இந்தப் பண்பு இருப்பதை வெளியிட்டனர். இந்தியாவில் அரிவாள் செல் பற்றிய ஆய்வு அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

எலும்பு பாதிக்கப்படும் விதம்

ஆக்சிஜன் குறையும்போது மாறுபட்ட ஹீமோகுளோபின் கோத்துக்கொண்டு சிவப்பணுவை விறைப்பாக்குகிறது. அத்தகைய அணுக்கள் எலும்பு மஜ்ஜையின் நுண்குழாய்களை அடைப்பதால், அப்பகுதி இரத்தமின்றி மடிகிறது. குழந்தைகளுக்குக் கை, கால் விரல்கள் வீங்கும். வளர்ந்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலை, தோள் எலும்பு, முதுகெலும்பு ஆகியவை சேதமடையும். தொடை எலும்புத் தலை நொறுங்கினால் இளம் வயதிலேயே நடை குன்றும்.

இந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் அரபு-இந்திய மரபு வகையினரின் உடலில், கருவிலுள்ள குழந்தைக்குரிய ஹீமோகுளோபின் பிற்காலத்திலும் கூடுதலாக இருக்கும். இதனால் இங்கு நோய் மிதமானது என்ற கருத்து நிலவியது. ஆனால் எலும்பு வலியும் தொடை எலும்புத் தலைச் சிதைவும் இவர்களிடமும் உண்டு. சோகை குறைவு என்பதால் எலும்பு நலமாக உள்ளது என்று பொருளாகாது.

எக்ஸ்-ரேயிலிருந்து எம்.ஆர்.ஐ. வரை

எக்ஸ்-ரே கடினமான எலும்பைத்தான் தெளிவாகக் காட்டும். மஜ்ஜை மடிந்து சில மாதங்கள் ஆன பின்னரே அதில் மாற்றம் தெரியும். அதற்குள் சேதம் முற்றியிருக்கக்கூடும்.

1973-இல் பால் லாட்டர்பர் காந்த அதிர்வு மூலம் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். 1977 ஜூலை 3 அன்று ரேமண்ட் டமேடியன் குழுவினர் முதன்முறையாக மனித உடலை இவ்வாறு படமெடுத்தனர். மார்பின் ஒரு குறுக்குவெட்டுக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. இக்கருவி நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் தரும் சைகைகளைப் பதிவு செய்கிறது. மஜ்ஜையில் இவ்விரண்டும் நிறைந்திருப்பதால், எக்ஸ்-ரேயில் தெரியாத தொடக்க நிலைச் சிதைவும் இதில் தெரிகிறது. 1980-களில் இந்தப் பயன் உறுதியானது.

முழு உடல் ஸ்கேன்

நோயாளி படுத்திருக்கும் மேசை நகர நகர, தலை முதல் கால் வரை பகுதி பகுதியாகப் படமெடுத்து ஒன்றிணைப்பதே முழு உடல் எம்.ஆர்.ஐ. புற்றுநோய் பரவலைக் காண இது பெரிதும் பயன்பட்டது. அரிவாள் செல் சோகையிலும் ஒரே நேரத்தில் பல எலும்புகள் பாதிக்கப்படலாம். ஒரு இடுப்பு வலிக்கும்போது, வலிக்காத மறு இடுப்பிலும் சிதைவு தொடங்கியிருக்கலாம். அத்தகைய மறைவான சேதத்தை முழு உடல் ஸ்கேன் காட்டும். கதிர்வீச்சு இல்லாததால், சிறு வயது முதல் பலமுறை படமெடுக்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

வரம்புகளும் உண்டு. இரத்தமின்றி மடிந்த எலும்பையும் கிருமித் தொற்றுள்ள எலும்பையும் படத்தை மட்டும் வைத்து எப்போதும் பிரித்தறிய முடியாது. இரத்தப் பரிசோதனையும் சில வேளைகளில் திசுப் பரிசோதனையும் தேவை. அசையாமல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டும் என்பதால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். இன்னும் இது எல்லா நோயாளிகளுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனை அன்று.

இன்றைய நிலை

நீலகிரியில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடி நோயாளிகளுக்குத் தொடர்ந்து சிகிச்சை அளித்து வருகிறது. 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. இரத்தப் பரிசோதனை மலைக் கிராமத்துக்கே வந்துவிடும், எம்.ஆர்.ஐ. கருவி அவ்வாறு வராது. நொண்டி நடக்கும் இளைஞரை எக்ஸ்-ரே சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பாமல், குறைந்தபட்சம் இடுப்புக்காவது உரிய நேரத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்தால், தொடை எலும்புத் தலை நொறுங்கும் முன்பே சிகிச்சையைத் தொடங்க வாய்ப்புண்டு.