சிக்கனத்தில் பிறந்த சக்கரம்

இலேசான சக்கரம் என்றாலே அது கைநிறையப் பணம் படைத்தவர்களின் விவகாரம் என்ற அபிப்பிராயம் மலைச்சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே இன்று வேரூன்றிவிட்டது. ஆனால் அந்த வாகனம் பிறந்த ஊரின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், சக்கரத்தின் எடையைக் குறைத்தவர்களில் பெரும்பாலோர் பணமில்லாத காரணத்தினாலேயே அந்தக் காரியத்தில் இறங்கினார்கள் என்பது விளங்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மாரின் கவுண்டியில், டமால்பயஸ் என்னும் மலையைச் சுற்றி, காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகள் போய்வருவதற்காக வெட்டப்பட்ட மண்பாதைகள் பல உண்டு. 1970களில் அந்தப் பாதைகளில் சறுக்கி இறங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்ட ஜோ பிரீஸ், கேரி பிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள், மெல்லிய டயர் கொண்ட பந்தய சைக்கிள்கள் அங்கே ஒரு நாளும் தாங்கமாட்டா என்று கண்டு, பழைய சாமான் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்த 1933ஆம் ஆண்டில், பருத்த பலூன் டயர் பூட்டி ஷ்வின் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த சைக்கிளின் வம்சம் அது. பத்திரிகை போடும் பையன்கள் மேடு பள்ளம் பாராமல் ஓட்டியும் உடையாத அந்தச் சக்கரத்தில், டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். யாரோ சிறுவர்களுக்கென்று நிச்சயித்த அந்த அளவே, வேறு டயர் கிடைக்காத ஒரே காரணத்தால், பின்னர் ஏறக்குறைய முப்பது வருஷங்கள் உலகத்து மலைச்சைக்கிள்களுக்கெல்லாம் பிரமாணமாக நின்றது என்பதை நினைத்தால், தொழில்களின் தலையெழுத்தை நிர்ணயிப்பவை சாஸ்திர ஆராய்ச்சிகள் மட்டுமல்ல என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1976 அக்டோபரில் பேர்பாக்ஸ் ஊருக்கு அருகே இவர்கள் நடத்தத் தொடங்கிய பந்தயத்தில், பாதை இரண்டு மைல் தூரத்துக்குள் சுமார் 1300 அடி சரிகிறது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக், அடிவாரம் வருவதற்குள் கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைத்தல் என்று பொருள்படும் ரீபேக் என்பது அந்தப் பாதைக்கே பெயராக வந்தது அதனால்தான். ஐம்பது பவுண்டு வரை கனக்கும் அந்த சைக்கிள்களில் எஃகு ரிம்மும் தடித்த டயரும் சேர்ந்து சுமையில் கணிசமான பங்கை ஏற்றிருந்தன. 1977இல் ஜோ பிரீஸ் மலைக்கென்றே புதிதாகச் சட்டம் கட்டியபோதும், சக்கரம் மட்டும் பழைய எஃகு ரிம்மாகவே இருந்தது. 1979ஆம் ஆண்டளவில் ஜப்பானிலிருந்து, 26 அங்குலம் என்று வழங்கும் அதே அளவில், அலுமினிய ரிம்கள் கைக்குக் கிடைத்த பிறகே, ஒரே மூச்சில் சில பவுண்டு எடை கழன்றது.

கழன்றும் சிலருக்குத் திருப்தி இல்லை. சாந்தா குரூஸ் பிரதேசத்தில் சிறிய பட்டறை வைத்திருந்த கீத் பான்ட்ரேகர் அவர்களில் முக்கியமானவர். ரோட்டில் ஓடும் பந்தய சைக்கிளுக்கு பிரான்ஸ் தேசத்து மாவிக் கம்பெனி செய்த அலுமினிய ரிம், எடையில் குறைவு, உறுதியில் மலைக்குச் செய்த பல ரிம்களைவிட மேல் என்று அவர் கண்டார்; ஆனால் அதன் விட்டமோ 622 மில்லிமீட்டர். புது அச்சு செய்து தனக்கென்று ரிம் இழுத்துக்கொள்ள அவரிடம் ஏது முதல்? ஆகவே, 1980களின் நடுவில், கம்பிகள் கோக்க 36 துளையுள்ள அந்த ரிம்மை எடுத்து, நான்கு துளைகள் அடங்கிய துண்டொன்றை ரம்பத்தால் அறுத்து நீக்கி, எஞ்சியதை உருளைகளுக்கிடையே மறுபடியும் சிறிய வட்டமாக வளைத்து, முனைகளைப் பொருத்தினார். கிடைத்தது 32 துளையுள்ள 26 அங்குல ரிம். இரண்டு அளவுகளின் விகிதமும் துளைகளின் விகிதமும் இவ்வளவு நெருங்கிப் பொருந்தியது தெய்வாதீனம் என்றுதான் சொல்லவேண்டும். உறுதி, இலேசு, மலிவு ஆகிய மூன்றில் எவையேனும் இரண்டைத்தான் ஒருவர் பெறமுடியும் என்ற கருத்து அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் இந்த வெட்டிய ரிம்மில் அவர் மூன்றையும் ஏறக்குறைய எட்டிப் பிடித்தார் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் அவருடைய கம்பெனியைப் பெரிய கம்பெனியான டிரெக் வாங்கிக்கொண்டது.

ரிம்மின் கதை இப்படியிருக்க, டயருக்குள் இருந்த ட்யூபின் தொல்லை வேறுவிதம். கல்லின்மேல் சக்கரம் மோதும்போது டயரும் ட்யூபும் ரிம்மின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல இரட்டைத் துளை விழும். அதைத் தவிர்க்கக் காற்றை 35, 40 பவுண்டு என்று ஏற்றினால், டயர் கல்போல இறுகி மண்ணைப் பற்றாமல் துள்ளும். மோட்டார் கார்களில் ட்யூப் இல்லாத டயர் 1950களிலேயே சாதாரணமாகிவிட்டது. சைக்கிளில் அது தாமதித்ததற்குக் காரணம், கம்பிகள் கோக்கும் துளைகள் ரிம்மின் நடுவே வரிசையாக இருப்பதுதான். 1999இல் மாவிக் கம்பெனி, ஹட்சின்சன், மிஷலின் என்ற டயர் கம்பெனிகளோடு சேர்ந்து, டயர் உட்காரும் பக்கத்தில் துளையே இல்லாத ரிம்மையும், காற்றுப் புகாத உட்பூச்சு கொண்ட டயரையும் வெளியிட்டது. ஏற்பாடு அழகானதுதான். விலை மட்டும் சாமானியனுக்கு எட்டவில்லை. உட்பூச்சின் கனத்தால் டயரும் எடை கூடி, ட்யூபைக் கழற்றி மிச்சம் பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

ஆகவே வழக்கம்போல, இல்லாதவர்கள் வழி கண்டார்கள். குழந்தைகள் சைக்கிளுக்கான 20 அங்குல ட்யூப் ஒன்றை வாங்கி, 26 அங்குல ரிம்மின்மேல் இழுத்துப் பூட்டி, அதன் வெளிவளைவை நெடுகிலும் கத்தரியால் கீறிப் பிளந்து, இரண்டு பக்கமும் ரிம்முக்கு வெளியே தொங்கும்படி விரித்துவிடுவார்கள். அதற்குமேல் சாதாரண டயரைப் பூட்டி, சீலன்ட் என்ற வெள்ளைத் திரவத்தை ஊற்றி, பெட்ரோல் பங்கில் வேகமாகக் காற்றை ஏற்றினால், டயரின் ஓரங்கள் டப் டப் என்று ஏறி உட்காரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பரைப் பிளேடால் சீவிவிட்டால் வேலை முடிந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஸ்டான் கோசியாடெக் என்பவர் 2001இல் தொடங்கிய நோட்யூப்ஸ் கம்பெனி இந்தக் காரியத்தை ஒழுங்குபடுத்தியது. துளைகளை மூட ஒட்டுநாடா, ரப்பர்ப் பட்டை, ஒரு வால்வு, ஒரு புட்டி திரவம் ஆகியவற்றைக்கொண்டு கையிலிருக்கும் ரிம்மையும் டயரையுமே ட்யூப்லெஸ் ஆக்கிக்கொள்ளலாம் என்று அவர் காட்டினார். பின்னர் பக்கச்சுவரின் உயரம் குறைந்த ரிம்களைத் தாமே வடிவமைத்தும் விற்றார். அந்தத் திரவத்தின் சாரம் ரப்பர்ப் பால். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: மரத்தின் காயத்தில் ஒட்டுப்பால் உறைந்து நிற்பது போலவேதான், முள் குத்திய டயரின் துளையில் காற்றோடு வெளியே கிளம்பும் பால் உறைந்து வாயை அடைக்கிறது. கம்பெனிகள் முதலில் முகம் சுளித்தாலும், பத்து வருஷங்களுக்குள் ஒட்டுநாடாவும் சீலன்டும் எல்லோருக்கும் பொதுவான முறையாகிவிட்டன.

பிறகு நடந்தவை வேகமான மாறுதல்கள். பான்ட்ரேகர் அறுத்துக் குறைத்த அதே 622 மில்லிமீட்டர் விட்டம், 29 அங்குலம் என்ற பெயரில் மலைக்கே திரும்பி வந்தது. 26 அங்குலம் ஏறக்குறைய மறைந்தது. சீனத்தின் ஷியாமென் நகரத்துத் தொழிற்சாலைகள் கார்பன் ரிம்களை நேரடியாகவே விற்கத் தொடங்கி, பிரபல கம்பெனிகளின் விலையை ஆட்டம் காணச் செய்தன. ஹப்பின் அகலம் அடிக்கடி மாற்றப்பட்டது, என் அபிப்பிராயத்தில், ஓட்டுகிறவர்களின் நன்மையைவிட விற்கிறவர்களின் நன்மையையே அதிகம் கருதியது. ஆயினும் அதனால் ஒதுக்கப்பட்ட பழைய அகலத்துச் சக்கரங்கள் பாதி விலைக்குக் கிடைப்பதை, பழைய சட்டம் வைத்திருப்பவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கைப்பணம் குறைவாக இருப்பவர் எதை வாங்குவது? விளிம்பில் சுழலும் எடை, வேகத்தைக் கூட்டும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகக் கணக்காகிறது. நடுவிலிருக்கும் ஹப்பின் எடைக்கு அந்தத் தண்டனை இல்லை. ஏற்றத்தில் ஒரே சீராக மிதிக்கும்போது எங்கிருந்தாலும் கிராம் கிராம்தான் என்பதையும் மறக்கலாகாது. விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. ஆகவே பணத்தை முதலில் நல்ல டயரிலும், ட்யூப்லெஸுக்கென்று செய்த 400, 450 கிராம் அலுமினிய ரிம்மிலும் போடுவதே உத்தமம். ஹப் சாதாரணமானதாக இருக்கட்டும். நடுவில் மெலிந்த கம்பிகள் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்துச் சுமார் 60 கிராம் மிச்சம் தரும். அதற்குச் செலவழிப்பது நியாயம். கம்பிகளை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள்களை அலுமினியத்தில் வாங்கினால் 40 கிராம் மிச்சமானாலும் அவை அரித்துப்போகக் கூடியவை, பித்தளையே போதும். மலிவுக் கார்பனை நான் சிபாரிசு செய்யமாட்டேன்: அலுமினியம் கல்லில் மோதினால் நெளியும், நெளிந்ததைப் பெரும்பாலும் நிமிர்த்தி ஓட்டலாம், கார்பன் வெடித்தால் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த ஒருவரைத் தேடிப்பிடித்து அவரிடம் சக்கரத்தைக் கட்டக் கொடுங்கள். அந்தக் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.