வீட்டுப் பட்டறையில் மில்லிங் மெஷினை நிறுவி நேர்படுத்துதல்

மில்லிங் மெஷினை நேர்படுத்துவது என்பது, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில், ஜாப்பைச் சுமக்கும் டேபிள், அதன்மேல் பூட்டப்படும் வைஸ் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று சரியான செங்குத்திலும் இணையிலும் கொண்டுவரும் வேலை. தொழிற்சாலையில் இதைப் பராமரிப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும். வீட்டுப் பட்டறையில் மெஷினை வைத்திருப்பவரே செய்தாக வேண்டும். தேவைப்படும் கருவிகள் குறைவுதான்: 0.01 மி.மீ. காட்டும் லீவர் டயல், அதை ஸ்பிண்டிலில் பிடித்துக்கொள்ளும் ஒரு கை, நல்ல ரசமட்டம், மூலைமட்டம், சில ஷிம் தகடுகள். கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் வரிசைதான். அடியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால், மேலே எவ்வளவு நுணுக்கமாகச் சரிசெய்தாலும் அது நிலைக்காது.

வீட்டுப் பட்டறைகளில் காணப்படும் பெரிய மெஷின்களில் பல, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938-இல் பிறந்த பிரிட்ஜ்போர்ட் வகையையோ அதன் நகல்களையோ சேர்ந்தவை. இவற்றில் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் இடம்வலமாகவும் முன்பின்னாகவும் சாயும். சாய்வுத் துளை போடவும் சாய்தளம் வெட்டவும் உதவும் இந்த வசதியே, ஹெட்டை அடிக்கடி செங்குத்துக்குத் திருப்ப வேண்டிய தேவையையும் கொண்டுவந்தது. சிறிய வகை, பெஞ்சின்மேல் வைக்கும் மெஷின்கள். உருளைத் தூண் கொண்டவற்றில் ஹெட்டை ஏற்றி இறக்கினால் அது தூணைச் சுற்றித் திரும்பிவிடும். பிடித்துவைத்த இடம் தவறிப்போகும். வாங்கும்போதே இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பிரிட்ஜ்போர்ட் அளவிலான மெஷின் ஏறக்குறைய ஒரு டன் எடை கொண்டது. கனம் மேலே, அடி குறுகல். நகர்த்துவதற்கு முன் டேபிளை முழுவதும் இறக்கி, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பி எடையைத் தாழ்த்துவது வழக்கம். நிற்கும் தளம் கான்கிரீட்டாக இருக்க வேண்டும். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்பதைவிட, நான்கு மூலைகளும் தரையில் முழுமையாக அமர்வதே முக்கியம். ஒரு மூலை தொங்கினால் மெஷின் ஆடும். அதை போல்ட்டால் இறுக்கி அடக்கப் பார்த்தால் வார்ப்பு முறுக்கிக்கொள்ளும். தொங்கும் மூலையில் ஷிம் வைத்த பிறகே போல்ட்டை இறுக்க வேண்டும். மும்முனை மோட்டாரை ஒருமுனை இணைப்பில் ஓட்ட வி.எஃப்.டி. என்னும் மின் அதிர்வெண் மாற்றி உதவும். 230 வோல்ட் வாங்கும் வி.எஃப்.டி. பொதுவாக 230 வோல்ட்டையே தரும் என்பதால், மோட்டாரை அதற்கேற்ப டெல்டாவாக இணைக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது கிப். டேபிளும், அதன் அடியில் முன்பின்னாக நகரும் சாடிலும் சறுக்கும் காடிகளில் உள்ள இடைவெளியை அடைக்கும் பட்டை இது. டேபிளின் முனையில் டயலை வைத்து, டேபிளைக் கையால் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால் தளர்வு எவ்வளவு என்று தெரியும். பழைய மெஷின்களில் காடியின் நடுப்பகுதி அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் சரியாக இருக்கும்படி இறுக்கினால், ஓரங்களில் டேபிள் நகர மறுக்கும். ஆகவே மிக இறுக்கமான இடத்தை வைத்தே கிப்பை அமைக்க வேண்டும். பேக்லாஷ் இதிலிருந்து வேறு. அது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு. கிப்பை எவ்வளவு இறுக்கினாலும் போகாது. எப்போதும் ஒரே பக்கமிருந்து அளவை அணுகுவதே அதற்கான பழக்கம்.

இவை முடிந்த பின்னரே ஸ்பிண்டிலை டேபிளுக்குச் செங்குத்தாக்க முடியும். மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, டேபிளை நடுவுக்குக் கொண்டுவந்து, உயரத்தையும், ஸ்பிண்டிலைச் சுமந்து ஏறி இறங்கும் குழாயான குவிலையும் பூட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். பூட்டாமல் அளந்தால், பூட்டியதும் அளவு மாறும். டேபிளின் பிசிறை எண்ணெய்க்கல்லால் தேய்த்துத் துடைத்த பின், ஸ்பிண்டிலில் பிடித்த டயலை 200 முதல் 250 மி.மீ. வட்டத்தில் கையால் சுழற்றி, நான்கு திசைகளிலும் அளவைப் படிக்க வேண்டும். டீ-ஸ்லாட்டுகளில் டயலின் முனை விழாமலிருக்க, கிரைண்டிங் செய்த தட்டையோ பெரிய பேரிங்கின் வளையத்தையோ டேபிளில் வைத்து அதன்மேல் ஓட்டலாம். டயல் ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றுவதால், அதைப் பிடித்த கை மையத்தில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

முன்பின் சாய்வை முதலில் பிடிப்பது எளிது. நட்டுகளை முழுக்கத் தளர்த்தக் கூடாது. லேசான பிடி இருக்கும்போதுதான் ஹெட் சிறிது சிறிதாக நகரும், எடையால் சரியாது. இடம்வலமாகச் சாய்க்கும்போது சுழல்மையம் ஸ்பிண்டிலின் நேர்மேலே இருப்பதால், ஒரு பக்கம் ஏறும் அளவுக்கு மறுபக்கம் இறங்கும். இரு பக்கத்து வித்தியாசம் 0.10 மி.மீ. என்றால், டயல் நிற்கும் பக்கத்தில் 0.05 மி.மீ. நகர்த்தினால் போதும். முன்பின் சாய்வில் இந்தக் கணக்கு பலிக்காது. அங்கே சுழல்மையம் ஸ்பிண்டிலுக்குப் பின்னால் இருப்பதால், முன்னும் பின்னும் ஒன்றாகவே ஏறி இறங்கும், ஒன்று அதிகமாக, மற்றொன்று குறைவாக. பாதி வித்தியாசத்தைத் துரத்திக் களைத்துப்போகும் தொடக்கநிலையாளர்கள் பலருக்கும் குழப்பம் இங்கேதான். சிறிது நகர்த்தி, மீண்டும் சுழற்றிப் படிப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

போல்ட்டை இறுக்கும்போதும் ஹெட் நகரும். எனவே குறுக்கெதிர் வரிசையில், சில சுற்றுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, முழு இறுக்கத்துக்குப் பிறகு வரும் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். 250 மி.மீ. வட்டத்தில் 0.02 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்தால் வீட்டு வேலைக்குப் போதுமானது.

ஹெட் சாயாத சிறு மெஷின்களில் தூணையே சரிசெய்ய வேண்டியிருக்கும். அங்கே இரண்டு கேள்விகள் தனித்தனி: தூண் டேபிளுக்குச் செங்குத்தா? ஸ்பிண்டில் தூணுக்கு இணையா? முதலாவதை அறிய, டேபிளில் நிறுத்திய மூலைமட்டத்தின்மேல் டயலை வைத்து ஹெட்டை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் தூணின் அடியில் ஷிம் வைக்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் ஸ்பிண்டிலை மட்டும் நேராக்கினால், தளம் சமமாக வரும். ஆனால் ஹெட்டை இறக்கும்போது துளையின் இடம் விலகும்.

வைஸை அதன் நிலையான தாடையை வைத்தே நேராக்க வேண்டும்; நகரும் தாடை இறுக்கும்போது தூக்கும் என்பதால் அது நம்பத்தக்கதல்ல. ஒரு போல்ட்டை ஓரளவு இறுக்கி, மற்றதை லேசாக விட்டு, டேபிளை இடம்வலமாக ஓட்டியபடி மென்மையான சுத்தியலால் தட்டிச் சரிசெய்யலாம். 150 மி.மீ. தாடையின் நீளத்தில் டயல் 0.01 மி.மீ.க்கு மேல் நகராதபோது இரண்டையும் இறுக்கி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சாட்சி வெட்டிய தளம். ஹெட் இடம்வலமாக 200 மி.மீ.க்கு 0.10 மி.மீ. சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். 50 மி.மீ. ஃப்ளை கட்டரால் இடம்வலமாக முழு அகலத்துக்கு வெட்டினால், தளத்தின் நடு ஏறக்குறைய 0.012 மி.மீ. குழியும். முன்பின்னாக ஓட்டி, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இடம்வலமாக 40 மி.மீ. தள்ளித் தள்ளி வெட்டினால், ஓட்டத்துக்கு ஓட்டம் 0.02 மி.மீ. படி விழும், விரல்நகம் அதை உணரும். ஹெட் நேராக இருந்தால் கட்டரின் பின்விளிம்பும் தளத்தை உரசுவதால், வளைகோடுகள் இரு திசையிலும் குறுக்கிட்டுத் தெரியும். ஒரே திசை வளைகோடுகள் மட்டும் தெரிந்தால் சிறு சாய்வு மிச்சம் இருக்கிறது. பெரிய அளவில் தளம் வெட்டுபவர்கள், பின்விளிம்பு உரசாமலிருக்க வேண்டுமென்றே அந்தச் சிறு சாய்வை வைப்பதும் உண்டு.

டேபிளின் இரு நகர்வுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லாவிட்டால், அதை எந்த நட்டாலும் திருத்த முடியாது. காடிகளைச் சுரண்டித்தான் சரிசெய்ய வேண்டும். அந்த மெஷினில் பிழையின் அளவை அறிந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும் ஜாப்பை டயலால் தனியாக நேராக்கி வெட்டுவதே நடைமுறை. ஹெட்டைச் சாய்த்த ஒவ்வொரு முறையும், கட்டர் ஜாப்பில் மாட்டி அதிர்ந்த பின்னும், மெஷினை இடம் மாற்றிய பின்னும் டயலை மீண்டும் ஓட்ட வேண்டும்.