பெரு குவானோ வழக்கும் உல்ஃப் பிரபுவின் வாசிப்பும்

ஒப்பந்த மீறல் வழக்கில் எதிர்த்தரப்பின் கைவசமுள்ள காகிதங்களை எதுவரை கேட்டுப் பெறலாம் என்று வாதாடுவோர், 1882இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த பெரு குவானோ கம்பெனி வழக்கையே முதலில் எடுத்துக்காட்டுவர். தன் கட்சியை வலுப்படுத்தவோ எதிராளியின் கட்சியைக் குலைக்கவோ நேராகவோ சுற்றிவளைத்தோ உதவக்கூடிய ஆவணத்தையும், அத்தகைய விசாரணைக்கு வழிதிறக்கும் ஆவணத்தையும் காட்டியாக வேண்டும் என்பது அதில் நீதிபதி பிரெட் வகுத்த அளவுகோல்.

இங்கிலாந்தின் உரிமையியல் நீதிமுறைச் சீர்திருத்தம் பற்றிய 1995ஆம் ஆண்டின் இடைக்கால அறிக்கையில் உல்ஃப் பிரபு பழியை இத்தீர்ப்பின்மீதே சுமத்தினார். காட்ட வேண்டிய ஆவணங்களின் வரம்பை ஏறக்குறைய எல்லையற்றதாக ஆக்கியது இதுதான் என்பது அவர் வாதம். ஆவணங்களை நான்கு வகையாகப் பிரித்து, ஒருவர் தாம் சார்ந்து நிற்பவை, தமக்குப் பாதகமானவை ஆகிய இரண்டோடு வழக்கமான கடமையை நிறுத்தினார். பின்னணி ஆவணங்களும் வழிதிறக்கும் ஆவணங்களும் அதற்கு வெளியே போயின. 1999 ஏப்ரல் 26இல் நடைமுறைக்கு வந்த இங்கிலாந்து உரிமையியல் நடைமுறை விதிகளின் 31ஆம் பகுதி இந்தச் சிந்தனையில் பிறந்தது. வழக்குச் செலவு பற்றிய அவருடைய கவலை முற்றிலும் நியாயமானது. அவர் சொல்லும் வரலாற்றைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வழக்கில் உண்மையில் கேட்கப்பட்டது என்ன? ஒப்பந்தம் மீறப்பட்டது என்றது வாதியான பிரெஞ்சுக் கம்பெனி; ஒப்பந்தமே முடிவாகவில்லை என்றது பிரதிவாதி. வாதி பிரமாணத்தின்பேரில் கொடுத்த பட்டியலில் அதன் கூட்டக் குறிப்பேடும் இருந்தது. அதைப் பார்வையிட்ட பிரதிவாதி, அதில் பேசப்படும் வேறு காகிதங்கள் பட்டியலில் இல்லை என்று கண்டு கூடுதல் பட்டியல் கோரியது. எதிராளியே ஒப்படைத்த ஏட்டின் வரிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்த கோரிக்கை இது. கண்ணை மூடிக்கொண்டு வீசிய வலை என்று இதைச் சொல்வதற்கில்லை. இரண்டாண்டுக்கு முன், மான்டிவிடியோ எரிவாயுக் கம்பெனி வழக்கில், பிரமாணப் பட்டியலை மேலும் துருவ அந்தப் பட்டியலிலிருந்தோ வழக்குரைகளிலிருந்தோ பட்டியலில் கண்ட ஆவணங்களிலிருந்தோ நியாயமான சந்தேகம் எழ வேண்டும் என்று நிலைநாட்டப்பட்டிருந்தது. பிரெட் பேசியது அந்தக் கட்டுப்பாட்டை ஒட்டித்தான். மேலும், வழக்கில் எழுந்த எந்த விஷயத்தையும் சார்ந்த ஆவணம் என்ற அகலமான வாசகம் 1875ஆம் ஆண்டு விதியிலேயே இருந்தது. பிரெட் அதற்குப் பொருள் சொன்னார், அவ்வளவுதான்.

அப்படியானால் காகிதம் பெருகியது எப்போது? 1882இல் நீதிபதியிடம் விண்ணப்பித்து ஆணை பெற வேண்டியிருந்தது. 1960களின் விதித் திருத்தத்துக்குப் பின், ஆணை இல்லாமலே இரு தரப்பும் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டியதாயிற்று. திருப்பம் இங்கேதான் என்று கருதுகிறேன்.

இதற்கு இந்தியா ஒரு சான்று. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11, விதி 12இன்படி விண்ணப்பித்தே ஆணை பெற வேண்டும். வழக்கை நியாயமாக முடிக்கவோ செலவை மிச்சப்படுத்தவோ தேவையில்லை என்று நீதிமன்றம் கருதினால் மறுத்துவிடலாம். 1972இல் எம்.எல். சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரெட்டின் அளவுகோலை ஏறத்தாழ அப்படியே ஏற்றது. சாட்சியமாக ஏற்கத்தகாத ஆவணமாயினும் வெளிச்சம் தருமானால் காட்டலாம் என்றது. அளவுகோல் அதேதான். ஆனால் இங்கிலாந்து கண்ட காகித வெள்ளம் இங்கே எழவில்லை.

இந்த ஒப்பீட்டை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. ஆணையை மதிக்காத வாதியின் வழக்கைத் தள்ளவும் பிரதிவாதியின் எதிர்வாதத்தை நீக்கவும் விதி 21 இடமளிக்கிறது. ஆனால் வேண்டுமென்றே பிடிவாதமாக மீறுபவருக்கே அது பொருந்தும் என்று 1978இல் பப்பர் தையல் இயந்திரக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. தண்டனை அரிதானதால் கேட்பவர்களும் குறைந்திருக்கலாம். விண்ணப்பத் தேவைக்கும் தண்டனைத் தளர்வுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துக்காட்டச் சான்று போதாது.

2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் வணிகத் தகராறுகளுக்குப் புதிய கட்டளை 11ஐத் தந்தது. வழக்கில் எழுந்த எந்த விஷயத்தையும் சார்ந்த ஆவணம் என்ற 1875ஆம் ஆண்டு வாசகம் அதிலும் நிற்கிறது. தமக்குப் பாதகமானதாயினும், எவரும் விண்ணப்பிக்காமலே, வழக்குரையோடு தாக்கல் செய்தாக வேண்டும். இங்கிலாந்து 1960களில் எடுத்த அடியை இந்தியா 2015இல்தான் எடுத்தது, உல்ஃபின் இருவகை வரம்பு இல்லாமலே. அவர் சொல்வது சரியானால் இந்திய வழக்குக் கட்டுகள் 1972க்குப் பின்னராவது பருத்திருக்க வேண்டும். என் வாசிப்பு சரியானால் 2015க்குப் பிந்திய வணிக வழக்குகளில்தான் அந்த மாற்றம் தென்படும். சென்னை உயர் நீதிமன்ற வணிகப் பிரிவின் ஆவணப் பட்டியல்களை அதற்கு முந்திய ஒப்பந்த வழக்குகளின் பட்டியல்களோடு வைத்து எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும்.