படத்தில் யார் இருக்கிறார்கள்?

பாலர் பள்ளிப் பிள்ளையிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தை விட்டுவிடும். படத்தில் விரலை வைத்து, "இது அம்மா, இது நான்" என்று ஆள் தேடும். தேடிய ஆள் அங்கே இல்லாவிட்டால்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கென்றே அச்சான முதல் படப் புத்தகங்களில் ஒன்று, 1658-இல் நூரம்பர்க் நகரில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்டது. லத்தீனும் ஜெர்மனும் அருகருகே அச்சாகியிருந்தன. இருமொழிப் புத்தகம் பிள்ளையைக் குழப்பும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

மொழிகள் சேர்ந்த அளவுக்கு மனிதர்கள் சேரவில்லை. 1965-இல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்பவர் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வந்த 5,206 சிறுவர் நூல்களில், கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை வெறும் 349. அதே 1962-இல்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 'தி ஸ்னோயி டே' என்ற நூலை எழுதி வரைந்தார். பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு வெளியே போகிறான், பனியில் விளையாடுகிறான், வீடு திரும்புகிறான். அவ்வளவுதான் கதை. மறு ஆண்டே கால்டிகாட் விருது கிடைத்தது. கீட்ஸ் வெள்ளையர். 1940-இல் பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படத்தை வெட்டியெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர்.

தமிழுக்கு வருவோம். 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் அரசர் உண்டு, முனிவர் உண்டு, வேதாளமும் உண்டு. படங்கள் அழகு; மறுப்பதற்கில்லை. ஆனால் பால்மரம் சீவும் அம்மாவுக்கும் லயத்து வீட்டுக்கும் அந்த உலகத்தில் இடம் ஏது?

மாற்றம் 1996-இல் சென்னையில் ராதிகா மேனன் தொடங்கிய துலிகா பதிப்பகத்தோடு வேகம் பிடித்தது. தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் படப் புத்தகங்கள். 1999-இல் ஷீலா திர் எழுதிய நூலில் ஒரு மாற்றுத்திறனாளிப் பிள்ளை, என் கையைப் பிடிக்க உங்களுக்கு ஏன் பயம் என்று கேட்கிறது. 2003-இல் மகாசுவேதா தேவியின் கதையில் சபர் பழங்குடிச் சிறுமி மொய்னா எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்கிறாள்.

நான் நின்று பார்க்க விரும்புவது 2000-இல் சாய் விட்டேக்கர் எழுதிய காளியின் கதை. காளி இருளர் சிறுவன். பள்ளியில் அவனை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு நுழைகிறது. எல்லாரும் நடுங்க, காளி அதைப் பிடிக்கிறான். அதன் பிறகு அவன் எல்லாருக்கும் வேண்டியவன். நல்ல கதைதான். ஆனாலும் எனக்கு ஒரு குறை: பாம்பு வராமல் போயிருந்தால்? பீட்டர் எந்தச் சாகசமும் செய்யவில்லை. பனியில் கால் பதித்தான், படத்தில் இருந்தான். காளிக்கு மட்டும் ஏன் நுழைவுத் தேர்வு?

இனி நம் ஜொகூர். டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1956 ஜூன் 22-ஆம் நாள் பிறந்தது கோலாலம்பூரில் அல்ல, நம் ஜொகூர் பாருவில். தேசிய மொழியிலும் பிற மொழிகளிலும் நூல் வெளியிடுவதும், வெளியிட உதவுவதும் அதன் கடமை என்று 1959-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தப் 'பிற மொழி'யில் தமிழும் அடக்கம். அதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.

அலி, ஆ சோங், முத்து மூவரும் கைகோத்து நிற்கும் படம் நமக்குப் பழகியது. திரையில் யாரைக் காட்டுவது என்பது என் தொழில் என்பதால், ஓரத்தில் நிற்பவரை என் கண் தேடும். தெப்ராவ் நீரிணைக் கரையில் தலைமுறைகளாக வாழும் ஓராங் செலேத்தார் பிள்ளை அந்த வரிசையில் இல்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் இல்லை. இது நாமும் செய்யும் தவறு. நம் முத்துவை விட்டுவிட்டார்கள் என்று வருந்தும் நாம், நம் புத்தகத்தில் யாரைச் சேர்த்தோம்?

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக் கதைகள் இலவசம். இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். குளுவாங்கில் உள்ள ஓர் ஆசிரியர் இன்றே செய்யலாம். ஆனால் படங்களில் பெரும்பாலும் இந்தியத் தெருவும் ஆட்டோவும்தான். செம்பனைகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டும் பிள்ளையை இங்கே யாராவது உட்கார்ந்து வரைந்தால்தான் உண்டு. அரங்கில் ஓவிய ஆசிரியர்கள் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள், பேச வேண்டும்.