குலக்கொழுந்து

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் ஜாதகம் உண்டு என்பது என் கட்சி. நல்ல குடியில் பிறந்து நடுவழியில் கெட்டுப்போனவை உண்டு; குடிசையில் பிறந்து கோட்டையில் குடியேறியவையும் உண்டு. ஆங்கிலத்தில் சின்னஞ்சிறுசுகளுக்கு இருந்த பழைய பெயர்கள் இதற்கு நல்ல சாட்சி.

'பேர்ட்' என்றால் பறவை என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். ஆயிரம் வருஷங்களுக்கு முன்பு அந்தச் சொல் 'பிரிட்' என்ற உருவத்தில் பறவைக் குஞ்சைத்தான் குறித்தது. பறவை இனத்துக்கே பொதுவாக இருந்த பெயர் 'ஃபுகோல்'. காலப்போக்கில் குஞ்சின் பெயர் குலம் முழுவதையும் ஆளத் தொடங்கிற்று. 'ஃபுகோல்' தேய்ந்து 'ஃபவுல்' ஆகி, பெரும்பாலும் கோழிக் கூண்டோடு அடங்கிவிட்டது. பன்றிக்குட்டிக்கு இருந்த 'பிக்' பன்றிக்கே பெயராயிற்று. முயலில் பெரியது 'கோனி', குட்டிதான் 'ராபிட்'. இன்று குட்டியின் பெயர்தான் நிற்கிறது. 'கேர்ள்' என்பதும் 1300-ஐ ஒட்டிய காலத்தில் ஆணானாலும் பெண்ணானாலும் குழந்தைக்குப் பொதுப் பெயர்தான். பெண்ணுக்கென்று அது ஒதுங்கியது பிற்பாடு.

இவையெல்லாம் பிழைத்த பிள்ளைகள். கெட்டுப்போன பிள்ளை ஒன்றும் உண்டு: 'நேவ்'. பழைய ஆங்கிலத்தில் 'க்னாஃபா' என்றால் சிறுவன். ஜெர்மன் மொழியில் அதன் உறவான 'க்னாபெ' இன்றும் சிறுவன்தான். 1400-ல் காலமான கவி சாஸரின் நாளில்கூட ஆண் குழந்தைக்கு 'நேவ் சைல்ட்' என்றே பெயர்.

ஆனால் எஜமானர்கள், வேலைக்காரனுக்குத் தலை நரைத்திருந்தாலும், 'அடே பையா' என்றே கூப்பிடுகிறவர்கள். ஆகவே சிறுவன் வேலைக்காரன் ஆனான். வேலைக்காரன் என்றாலே கை நீளம் என்பது அவர்கள் சித்தாந்தம். ஆகவே வேலைக்காரன் அயோக்கியன் ஆனான். அந்தச் சொல் தானாகக் கெடவில்லை, கெடுத்தார்கள். யார் வீட்டுக் கூடத்திலிருந்து அந்தக் குரல் வருகிறது என்பது கதை எழுதுகிறவன் காதுக்குத் தப்பாது.

டிக்கன்ஸின் காதுக்கும் தப்பவில்லை. 1861-ல் அவர் எழுதி முடித்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், சீட்டாடும்போது 'நேவ்' என்று சொல்லவேண்டிய சீட்டை 'ஜாக்' என்கிறான் ஏழைப் பையன் பிப். பணக்கார வீட்டு எஸ்டெல்லா அதைக் கேட்டு ஏளனம் செய்கிறாள். அயோக்கியன் என்ற வசை சீட்டுக் கட்டிலே கௌரவச் சொல். சாமானியர் சொல்லும் 'ஜாக்' கேவலம்! பையனுக்கு எப்படியும் மரியாதை கிடையாது.

செடிகொடிகளுக்கும் இந்தக் கதி நேர்ந்தது. 'இம்ப்' என்ற சொல் பழைய காலத்தில் இளந்தளிரை, ஒட்டுப்போடும் சிறு கிளையைக் குறித்தது. வாழைக்கும் பசுவுக்கும் ஒரே 'கன்று' என்று வைத்துக்கொண்ட நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. தளிரிலிருந்து பெரிய இடத்துப் பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்தது. நம் பேச்சில் 'குலக்கொழுந்து' என்கிறோமே, அதேதான். பிறகு பாவிகளைச் 'சாத்தானின் இம்ப்' என்று ஏசத் தொடங்கினார்கள். நாளடைவில் சாத்தான் என்ற அடைமொழி உதிர்ந்தது. அவன் விஷம் மட்டும் சொல்லிலே தங்கிவிட்டது. இன்று 'இம்ப்' என்றால் குட்டிப் பிசாசு. சற்றுச் செல்லமாகச் சொன்னால், குறும்புக்காரப் பயல்.

வார்விக் நகரத்துப் புனித மேரி ஆலயத்தில் ஒரு சிறிய சமாதி இருக்கிறது. முதல் எலிசபெத் ராணியின் பிரியத்துக்குப் பாத்திரமான லெஸ்டர் பிரபுவுக்குச் சட்டப்படி வாரிசாகப் பிறந்த ஒரே மகன் அங்கே உறங்குகிறான். 1584-ல் இறந்தபோது அவனுக்கு வயது மூன்று. நீண்ட அங்கியோடு படுத்திருக்கும் அந்தச் சிறிய சிலையின் கீழே அவனை 'நோபிள் இம்ப்' என்று பொறித்திருக்கிறார்கள்.

இன்றைய அர்த்தத்தோடு படிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பொறிக்கச் சொன்னவர்கள் ஒரு வம்சத்தின் ஒட்டுக்கிளை ஒடிந்துவிட்டதே என்றுதான் சொன்னார்கள். நான்கு வருஷத்தில் தகப்பனும் போனான். அவனுடைய பட்டத்தை ஏற்க மகன் இல்லை. வெளியே உலகத்தார் வாயில் அந்தச் சொல் பிசாசாகிவிட்டது. அந்தக் கல்லில் மட்டும் அது இன்னும் தளிராகவே இருக்கிறது.